கண்மாய்க்குள் ஒரு சுற்று

தமிழ்த் திரைப்படத்தில் ஒருவர் கோல்ஃப் மட்டையோடு தோன்றினால் அவரைப் பற்றி வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கதாநாயகியின் தந்தை, பெரும் பணக்காரர், காதலுக்குச் சம்மதிக்க மாட்டார். ஒரேயொரு முறை மட்டையை வீசுவார். பந்து எங்கே போய் விழுந்தது என்று காட்ட மாட்டார்கள். நான் வாசித்த அளவில் நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் இந்த ஆட்டத்துக்கு அந்த இடம்கூடக் கிடைத்ததில்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வெள்ளைக்காரன் தன் ஊர்க் குளிரை நினைத்துக்கொண்டு நம் மலைகளில் ஏறியபோது கையோடு கொண்டுபோன சாமான்களில் இதுவும் ஒன்று. கல்கத்தாவில் 1829-இல் சங்கம் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றுவரை நீடிக்கும் கோல்ஃப் சங்கங்களில் அதுவே மிகப் பழையது. கொழும்பில் 1879. திருச்சுழியில் ரமணர் பிறந்ததும் அதே ஆண்டுதான் என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத தகவல். கொடைக்கானலில் 1895. அங்கே இப்போதும் அதிகாலையில் காட்டெருமைகள் மைதானத்தில் மேய்கின்றன. ஆட்டக்காரர்கள் அவை நகரும்வரை மரியாதையாகக் காத்து நிற்கிறார்கள்.

இவையெல்லாம் புல் இருக்கும் இடங்கள். குமாரலிங்கபுரத்தில் புல் கிடையாது. மாவட்டத்துக்குள் அந்தப் பெயரைச் சொன்னால் இப்போது எல்லோரும் 2023-இல் அறிவிக்கப்பட்ட ஜவுளிப் பூங்காவைத்தான் விசாரிக்கிறார்கள். எனக்கு அது கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும் ஆண்டில் எட்டு மாதம் வறண்டு கிடக்கும் ஒரு கண்மாயும்தான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசி.

கோல்ஃபுக்குப் புல் இன்றியமையாதது என்பது பாதி உண்மை என்பதை நான் ஜாம்ஷெட்பூரில் தெரிந்துகொண்டேன். வேலை நிமித்தம் முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தேன். அந்நாட்களில் பெல்டி மைதானத்தில் குழியைச் சுற்றி வழக்கமான பச்சைத் தரை இல்லை. சலித்த மணலைப் பரப்பி, இழுத்துச் சமன்செய்து வைத்திருப்பார்கள். கிரீன் என்பதற்குப் பதிலாக அதற்குப் பிரௌன் என்று பெயர். பந்தை உருட்டுவதற்கு முன் அதன் பாதையை ஒருவர் இழுவைக் கட்டையால் நீவிவிடுவார். ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் மணிக்கல் தோண்டும் பாலைவனத்து ஊரொன்றில் இன்றும் ஒரு புல்கூட இல்லாத மைதானம் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் கைக்கடக்கமான செயற்கைப் புல்துண்டு ஒன்றைக் கூடவே எடுத்துச்சென்று, ஒவ்வொரு முறையும் அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். பகலின் வெக்கைக்கு அஞ்சி ஒளிரும் பந்துகளை வைத்து இரவிலும் ஆடுவதுண்டாம். இதைப் படித்த அன்றுதான் எங்கள் கண்மாயை வேறு கண்ணோடு பார்த்தேன்.

நல்ல கண்மாய்க்கு இயல்பாகவே ஒரு மைதானத்தின் அமைப்பு இருக்கிறது. ஒரு பக்கம் பிறைபோல வளைந்த கரை. எதிரே நீர் வரும் ஓடை. உள்வாயில் மெல்லிய சரிவு, கண்ணுக்குத் தெரியாது, உருளும் பந்துக்குத் தெரியும். வயலுக்குப் போடக் கரம்பை அள்ளிய பள்ளங்கள் அங்கங்கே கிடக்கின்றன. ஸ்காட்லாந்தில் ஆடுகள் ஒதுங்கிய மணற்குழிகள் ஆட்டத்தில் பங்கர்கள் ஆனதாகச் சொல்வார்கள், எங்கள் ஊர்ப் பங்கரை டிராக்டர் செய்து கொடுத்திருக்கிறது. காற்றின் திசையறிய மைதானங்களில் கொடி பறக்கும். இங்கே தெற்கே நாள் முழுதும் ஏதாவதொரு கரிமூட்டம் புகைந்துகொண்டிருப்பதால் கொடி தேவைப்படவில்லை.

ஆறு குழிகள் அமைத்தேன். மடை 140 கெஜம், கலுங்கு 265, கருவேலம் 95, பனை 310, கிடை 120, அய்யனார் 230. கருவேலம் என்று ஒரு குழிக்கு மட்டும் பெயர் வைத்தது அநியாயம். ஆறுக்குமே அது பொருந்தும். விதிப்படி குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். மஸ்ஸல்பரோ என்னும் ஸ்காட்லாந்து ஊரில் 1829-இல் செய்த குழிவெட்டியின் அளவு அது. 1890-களில்தான் எல்லோருக்கும் விதியாயிற்று. கடையில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயின் உள்வாய் அதைவிடச் சற்றுக் குறுகல். ஆகவே எங்கள் கண்மாய்க்குள் பந்து போடுவது செயின்ட் ஆண்ட்ரூஸைவிட ஒரு நூலளவு கடினம் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். பிரௌன்களில் மணல் கலையாமலிருக்கப் பல ஊர்களில் எண்ணெய் கலப்பார்கள். மாடுகள் தண்ணீர் குடிக்கப்போகும் இடத்தில் எண்ணெய் ஊற்ற மனம் வராததால் நான் சலித்த மணலோடு நிறுத்திக்கொண்டு, கோணிச்சாக்கை இழுத்துச் சமன்செய்கிறேன். தரையிலிருந்து அடிக்க ஒரு சாண் நீளக் கயிற்றுமிதியடித் துண்டு. மட்டைகள் ஆறு, பழையவை.

மூன்று குழிகளை மும்மூன்று அடியிலும் மற்ற மூன்றை நந்நான்கு அடியிலும் முடிப்பது தேர்ந்தவனுக்கு அழகு. இதைத்தான் பார் என்கிறார்கள். ஒரு சுற்றுக்கு 21, இரண்டு சுற்றுக்கு 42. பன்னிரண்டு குழி ஆடுவதற்கு முன்னுதாரணம் இருக்கிறது: முதல் பிரிட்டிஷ் ஓப்பன் 1860-இல் பிரெஸ்ட்விக்கில் நடந்தபோது அங்கிருந்தவை பன்னிரண்டு குழிகளே. பதினெட்டு என்பது பிற்பாடு நிலைத்த எண். என்னுடைய ஆகக் குறைந்த கணக்கு அதுவரை 49.

சென்ற பங்குனியின் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளிச்சம் வந்தும் வெயில் வராத அந்த ஒரு மணி நேரத்தில் தொடங்கினேன். முதல் சுற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, எல்லாமே ஒழுங்காக நடந்தது என்பதைத் தவிர. மடையில் நான்கு, கலுங்கில் நான்கு, கருவேலத்தில் மூன்று, பனையில் ஐந்து, கிடையில் மூன்று, அய்யனாரில் நான்கு. 23. கிடையில் அடித்த அடியை மட்டும் சொல்கிறேன். 120 கெஜம், ஒன்பதாம் எண் இரும்பு மட்டை. மட்டையின் முகத்தில் பந்து பட்டதைக் கை உணரவேயில்லை. ஓசை மட்டும் கேட்டது, விறகு சரியாகப் பிளக்கும்போது வருமே அந்தச் சுருக்கமான ஓசை. பந்து உயர்ந்து, கரைக்கு மேலே வெளுத்திருந்த வானத்தில் ஒரு நொடி தங்கி, நான் மனத்தில் குறித்துவைத்த கல்லுக்கு இரண்டடி இப்பால் விழுந்தது. கவுதாரி ஒன்று கத்தியது. திரும்பிப் பார்த்தேன். பார்த்தீர்களா என்று கேட்க அங்கே யாருமில்லை.

தனியாக ஆடுவதில் இருக்கும் விசித்திரம் இதுதான். நால்வராக ஆடும்போது ஆட்டத்தின் பெரும்பகுதி பேச்சில் போய்விடும். ஜாம்ஷெட்பூரில் ஞாயிறு காலைகளில் நாங்கள் அரசியல் பேசினோம், பதவி உயர்வு பேசினோம், நடுவே எப்போதாவது பந்தை அடித்தோம். நல்ல அடி விழுந்தால் மூவர் பாராட்டுவார்கள்; அத்துடன் அது செலவாகிவிடும். தனியாக ஆடும்போது அடித்த அடி அப்படியே மிஞ்சுகிறது, அடுத்த குழிவரை கூடவே நடந்து வருகிறது. கெட்ட அடியும் அப்படித்தான், அதற்கும் வேறு போக்கிடம் இல்லை.

பெரும்பாலான விளையாட்டுகளில் தனியாக ஆடுவதென்பது பயிற்சியாகவே இருக்க முடியும். சடுகுடுவைத் தனியாக ஆட முடியாது. சதுரங்கத்தில் இருபுறமும் நாமே நகர்த்தினால் அது ஆட்டமல்ல, ஆராய்ச்சி. கோல்ஃபில் மட்டும் ஒருவன் முழு ஆட்டத்தையும் முழு விதிகளோடு ஆடி முடித்துவிடலாம். எதிராளி நிலம், நடுவர் தானே. பெரிய போட்டிகளிலும் ஒவ்வோர் அடியையும் ஒரு நடுவர் நின்று கவனிப்பதில்லை. 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் அடிப்பதற்காக மட்டையை வைத்தபோது புல்லுக்குள் பந்து இம்மியளவு அசைந்ததாம். வேறு யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் முடிவை அவரிடமே விட்டுவிட்டார்கள். தனக்குத்தானே ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார். நான்கு சுற்றுகளின் முடிவில் வில்லி மெக்ஃபார்லேனுடன் சமநிலை. மறுஆட்டத்தில் ஓர் அடியில் தோற்றார். கோல்ஃப் ஆடுகிறவர்கள் இக்கதையைக் காப்பியம்போலச் சொல்வார்கள். எனக்கு அதில் எப்போதும் ஒரு சிறு மனக்குறை உண்டு: யாரும் பந்து அசைந்ததைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் ஜோன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் சுற்றில் மடையை மூன்றில் முடித்தேன். கலுங்கில் ஐந்து, கருவேலத்தில் மூன்று. ஒன்பது குழிகளுக்கு 34. மிச்சம் மூன்று. உரிய அடியில் முடித்தால் 45. நான் கணக்கை மனத்தில் ஓட்டுகிறவன் அல்லன். ஆனால் அன்று அது தானாகவே ஓடியது.

பனைக்கு அடித்த பந்து நேராகப் போயிற்று. விழுந்து, ஒருமுறை எழும்பி, காணாமல் போனது. எந்தப் புதரும் அங்கே இல்லை. வெட்டவெளியில் பந்து மறைந்தால் எங்கள் பக்கத்தில் ஒரே காரணம்தான்.

கரிசல் நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண். மாசி பிறந்ததும் கண்மாயின் தரை பிளக்கத் தொடங்கும். பங்குனி முடிவில் கை நுழையும் அகலத்துக்கு வெடித்து, இடுப்பளவு ஆழம்கூடப் போகும். மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழ, மழை வந்ததும் எல்லாம் மூடிக்கொள்ள, இந்த மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது என்பார்கள். சம்சாரிக்கு அது வரம். 43 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த குறுக்களவுள்ள ஒரு பந்துக்கு அது வேறு விஷயம்.

தேடுவதற்கு விதி இப்போது மூன்று நிமிடம் தருகிறது. 2019-க்கு முன்பு ஐந்து. இரண்டாவது நிமிடத்தில் கண்டுபிடித்தேன். ஒரு முழம் ஆழத்தில், கைபேசியின் வெளிச்சத்தில், நான் இட்டுவைத்த இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. என் பந்துதான். அடிக்க முடியாது.

இந்நேரத்தில்தான் ஆட்டுக்காரப் பெரியவர் கரையிலிருந்து இறங்கி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதன்முதலில் நான் மட்டையோடு கண்மாய்க்குள் இறங்கிய நாளில், "எதிராளி வரலையா தம்பி?" என்று கேட்டவர். எதிராளி கிடையாது, தனியாகத்தான் என்றேன். "அப்ப செயிக்கிறது யாரு?" என்றார். அதற்கு நான் இன்னும் திருப்தியான பதில் சொல்லவில்லை.

வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தார். "எடுத்து வெளிய வச்சு அடிங்க தம்பி. யாரு பாக்கா?"

இது அப்படி எளிதாகத் தள்ளிவிடக்கூடிய யோசனை அல்ல. விதியிலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழுதுபார்க்கும் நிலம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் பந்து விழுந்தால் அபராதமின்றி எடுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம். வறட்சியால் உண்டான வெடிப்பு தானாகவே அந்தக் கணக்கில் சேராது என்று விதிகளுக்கான விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் மைதானத்தின் கமிட்டி விரும்பினால் அப்படி அறிவிக்கலாம். குமாரலிங்கபுரம் கண்மாயின் கமிட்டி நான். தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் நான். ஒரு தீர்மானம் போதும். அதை எதிர்க்கவும் ஆளில்லை. நியாயமும் இல்லாமலில்லை: நேராக அடித்த பந்துக்குத் தண்டனை எதற்கு?

ஆனால் வெடிப்பையெல்லாம் பழுதுநிலம் என்று அறிவித்தால் கண்மாய் முழுவதையும் அறிவிக்க வேண்டும். கண்மாயோடு நிறுத்தவும் முடியாது. திருச்சுழி வரைக்கும் அறிவித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். இந்த நிலத்தில் ஆடுவதென்று இறங்கியபின் நிலத்தின் இயல்பை விதிவிலக்காக்கிவிட்டால் பிறகு ஆடுவது எதனோடு? அதைவிட முக்கியமாக, பந்து விழுந்த பிறகு கூடுகிற கமிட்டி கமிட்டியல்ல.

ஆட முடியாத பந்து. ஓர் அடி அபராதம் என்று அவரிடம் விளக்கினேன். சற்று நேரம் யோசித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நானுந்தான் சாயந்தரம் கிடையில அடைக்கும்போது ஆட்டை எண்ணுதேன். எவன் வந்து பாக்கான்? அதுக்காக நாப்பதை நாப்பத்தொண்ணுன்னு எண்ணுனா விடிஞ்சு அது குட்டி போடுமா?" என்று சொல்லிவிட்டு, தன் தொரட்டியை வெடிப்புக்குள் விட்டு அந்தப் பந்தை எடுத்துத் தரும் முயற்சியில் இறங்கினார். ஜோன்ஸ் பெற்ற பாராட்டுகளில் இதற்கு இணையாக ஒன்று இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

பந்து வரவில்லை. வேறு பந்தை எடுத்து, இரண்டு மட்டை நீளத்துக்குள், முழங்கால் உயரத்திலிருந்து போட்டேன். சுற்றிலும் வெடிப்புகள், போட்ட பந்து அடுத்த வெடிப்புக்குள் போனால் இன்னோர் அபராதம். அது உருண்டு, ஒரு பிளவின் உதட்டில் இரண்டு அங்குலம் முன்னால் நின்றது. பெரியவர் மூச்சை விட்டதைக் கேட்டேன். மிதியடித் துண்டின்மேல் வைத்து அடித்தேன். பிரௌனை எட்டாமல் கரம்பைப் பள்ளத்தின் விளிம்பில் விழுந்தது. அங்கிருந்து தட்டியது குழிக்கு ஒரு கஜத்தில் நின்றது. உருட்டிவிட்டேன். ஐந்து.

கிடையில் மூன்று. அய்யனாரில் கடைசியாக ஆறடித் தூரம் பாக்கி. கோணிச்சாக்கை இழுத்துப் பாதையை நீவினேன். மணலில் என் காலடிகள், ஓர் ஓணானின் வால் தடம், எல்லாம் அழிந்தன. பந்து வலதுபுறமாகக் கிளம்பி, சரிவுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி, குழாயின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று. நான்கு. மொத்தம் 46. மனத்துக்கு நிறைவாக இருந்தது. 45 ஆகியிருந்தால் இவ்வளவு நிறைவு இருந்திருக்குமா என்று பிறகு பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நான் அவ்வளவு பெரிய துறவி அல்லன். அந்த ஓர் அடியின்மீது இன்னமும் சிறு கோபம் உண்டு.

இந்த 46 எங்கேயும் செல்லாது. 2020 முதல் உலகம் முழுவதற்கும் பொதுவாக வந்திருக்கும் ஹாண்டிகேப் முறையில் தனியாக ஆடிய சுற்றின் கணக்கை ஏற்பதில்லை. கூட ஒருவராவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2016-லேயே இதைக் கொண்டுவந்துவிட்டார்கள். காரணம் எளிது, சாட்சியில்லாமல் சொல்லப்படுவதை எப்படி நம்புவது? அந்த ஐயம் தவறென்று சொல்ல மாட்டேன். மனிதர்கள் ஆடிய மிக வறண்ட மைதானத்தில் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தில் ஆலன் ஷெப்பர்ட் நிலவில் இரண்டு பந்துகளை அடித்தார். இரண்டாவது பந்து மைல் மைலாகப் போகிறது என்று அங்கிருந்தே அறிவித்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பழைய படங்களைத் துலக்கி அளந்தபோது முதல் பந்து 24 கெஜமும் இரண்டாவது 40 கெஜமும் போயிருந்தன. எங்கள் கருவேலம் குழியையே எட்டியிருக்காது. ஆனாலும் கனத்த உடையில் ஒற்றைக் கையால் அடித்த அந்த மனிதருக்கு அன்று கிடைத்த மகிழ்ச்சியை யாரும் அளந்து குறைக்கவில்லை.

என் மகிழ்ச்சியில் வேறொரு கரிப்பு உண்டு. இந்த மைதானம் இருப்பதே கண்மாயில் தண்ணீர் இல்லாததால். சரிவர மழை பெய்து மறுகால் பாயும் ஆண்டில் தை முடியும்வரைகூட என் குழிகள் நீருக்கடியில் கிடக்கும். பொய்க்கிற ஆண்டில் கார்த்திகையிலேயே ஆடலாம். ஆகவே நான் நிறைய ஆடுகிற ஆண்டு ஊருக்கு நல்ல ஆண்டல்ல. மழை பார்த்து வானத்தை அண்ணாந்து நிற்கும்போது என் வேண்டுதல் மற்றவர்களுடையதுதான், அதில் இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆனால் தண்ணீர் வற்றி முதல் குழாய் வாய் தெரியும் நாளில் மனம் ஒரு கணம் துள்ளுவதை என்னால் நிறுத்த முடிந்ததில்லை. பக்கத்தில் உளுந்துக் காட்டில் நிற்பவருக்கு அந்தக் கணத்தை விளக்க வார்த்தை இல்லை. விளக்கவும் முனைந்ததில்லை.

அன்று ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல ஆறு குழிகளையும் தட்டைக்கல் வைத்து மூடினேன். ஆட்டுக் குட்டியின் கால் உள்ளே போய்விடக் கூடாது. நான்காவது குழியருகில் பெரியவர் காத்திருந்தார். கோடை முற்றுகிறது, ஆடுகளுக்குத் தண்ணீருக்காக அந்தப் பனைக்குப் பக்கத்தில் ஊற்றுத் தோண்டப் போகிறார்கள், அங்கேதான் சீக்கிரம் ஊறும் என்றார். "ஒங்க குழியக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுங்க தம்பி."

மறுநாள் குழாயைப் பிடுங்கிக் கிழக்கே தள்ளி நட்டேன். பனை இப்போது 325 கெஜம்.